டைனமைட் வைத்து மீன் எண்ணியவர்: ஜாக் கூஸ்தோவும் கூட்டம் சேரும் வேட்டை மீன்களும்

செங்கடலில், சூடான் நாட்டின் போர்ட் சூடான் துறைமுகத்துக்கு வடகிழக்கே ஷாப் ரூமி என்று ஒரு பவளத்திட்டு இருக்கிறது. ஸ்கூபா டைவிங் போகிறவர்கள் மத்தியில் ரொம்பப் பிரபலமான பெயர். திட்டின் தெற்கு முனையில், தண்ணீருக்கு அடியில் 20 மீட்டர் தாண்டி, மொட்டை மாடி மாதிரி ஒரு சமதளம். பகலில் அங்கே இறங்கினால் நூற்றுக்கணக்கான சீலா மீன்கள் ஒன்றை ஒன்று இடிக்காமல், ஒரே திசையில், அவசரமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். பக்கத்திலேயே பாரைக் கூட்டம். சுற்றிலும் சாம்பல் நிறப் பவளச் சுறாக்கள். இன்னும் ஆழத்தில், அதிர்ஷ்டம் இருந்தால், கொம்பன் சுறாக்கள் வரிசையாகப் போகும்.

இதில் ஒரு விஷயம் இடிக்குது, கவனிச்சீங்களா? நெத்திலியும் மத்தியும் கூட்டமாகத் திரிந்தால் புரிகிறது. பெரிய மீனைக் கண்டு பயம். ஆனால் இங்கே கூட்டம் போடுவது எல்லாமே பிடித்துத் தின்கிற மீன்கள். வேட்டைக்காரனுக்கு எதற்குக் கூட்டம்?

அதே ஷாப் ரூமியில், சுமார் 10 மீட்டர் ஆழத்தில் இன்னொரு காட்சியும் உண்டு. கடல் முள்ளெலி வடிவத்தில் ஒரு பெரிய இரும்புக் கூண்டு, மேலெல்லாம் பவளம் பூத்து நிற்கிறது. 1963-ல் மனிதர்கள் அங்கே குடியிருந்ததன் மிச்சம் அது. அவர்களைக் குடிவைத்தவர் ஜாக் கூஸ்தோ. சிவப்புக் கம்பளித் தொப்பி, ஒட்டிய கன்னம், கையில் கேமரா என்று உலகமே அறிந்த பிரெஞ்சுக்காரர். மேலே கேட்ட கேள்விக்கு விடை கண்டுபிடித்தவர் அவர் இல்லை. ஆனால் அவர் இல்லாமல் அந்த விடை இவ்வளவு சீக்கிரம் கிடைத்திருக்காது. அதற்கு முன்னால் அவர் செய்த சில காரியங்களைக் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். அதையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

விமானி ஆக நினைத்தவர்

1910 ஜூன் 11 அன்று, பிரான்ஸில் போர்தோ நகருக்குப் பக்கத்தில் உள்ள சென் ஆந்த்ரே தெ குப்சாக் என்ற சிற்றூரில் பிறந்தார் கூஸ்தோ. அப்பா வழக்கறிஞர். 1930-ல் கடற்படைப் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார். அவருடைய ஆசை என்னவோ கடலுக்குக் கீழே இல்லை, வானத்துக்கு மேலே. கடற்படை விமானி ஆக வேண்டும் என்று பயிற்சியில் இருந்தபோது, 1936-ல் கார் விபத்து. இரண்டு கைகளிலும் பலத்த அடி. விமானக் கனவு அதோடு சரி.

கை தேறுவதற்காக தூலோன் கடற்கரையில் நீந்தப் போனார். சக கடற்படை அதிகாரி பிலிப் தய்யே ஒரு நீச்சல் கண்ணாடி கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விட்டதும் கதை மாறியது. பாறை, பாசி, மீன் எல்லாம் பளிச்சென்று. அதன் பிறகு தய்யே, கூஸ்தோ, மீன் குத்துவதில் கில்லாடியான ஃப்ரெடெரிக் துமா என மூன்று பேரும் சேர்ந்து கடலே கதியென்று கிடந்தார்கள்.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் முதலில் மீனைப் பார்த்தது ஈட்டிமுனை வழியாகத்தான். மூச்சுப் பிடித்து இறங்கு, குத்து, மேலே வா. ஒரு நிமிடம், மிஞ்சிப் போனால் ஒன்றரை நிமிடம். மீன் என்றால் தப்பி ஓடும் ஒன்று, அவ்வளவுதான். துரத்துகிறவனுக்கு அது தன் போக்கில் எப்படி இருக்கும் என்பது தெரிய வாய்ப்பே இல்லை.

மூச்சுக்கு ஒரு வால்வு

தண்ணீருக்குள் மூச்சு விடும் கருவிகள் அதற்கு முன்பும் இருந்தன. கனமான பித்தளைத் தலைக்கவசம், மேலே படகில் இருந்து காற்றுக் குழாய். அதை மாட்டிக்கொண்டு கடல் தரையில் நடக்கலாம், மீன் மாதிரி நீந்த முடியாது. உருளையில் காற்றை அடைத்து முதுகில் சுமக்கலாம் என்றாலும், அந்தக் காற்று சும்மா ஊற்றிக்கொண்டே இருந்தால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். மூச்சை இழுக்கும்போது மட்டும், அந்த ஆழத்தின் அழுத்தத்துக்குச் சமமாகக் காற்றைத் தர வேண்டும். அதுதான் சிக்கல்.

விடை வந்தது காரில் இருந்து. இரண்டாம் உலகப் போர், ஜெர்மன் ஆக்கிரமிப்பு, பெட்ரோல் கிடையாது. கார்களை எரிவாயுவில் ஓட்டுவதற்காக எமில் காஞான் என்ற பொறியாளர் ஒரு வால்வு செய்திருந்தார். அவர் வேலை பார்த்தது ஏர் லிக்கீட் நிறுவனத்தில். கூஸ்தோவின் மனைவி சிமோனின் அப்பாவும் அதே நிறுவனத்துக்காரர். மாமனார் வழியில் அறிமுகம் கிடைத்தது. 1943 தொடக்கத்தில் மார்ன் ஆற்றில் முதல் சோதனை. படுத்த வாக்கில் நீந்தினால் வேலை செய்த கருவி, நிமிர்ந்து நின்றாலும் தலைகீழாகத் திரும்பினாலும் சொதப்பியது. மூச்சு வெளியேறும் வழியையும் வால்வையும் ஒரே மட்டத்தில் வைத்தால் போதும் என்று கண்டுபிடித்து, அதே ஆண்டு கோடையில் மத்தியதரைக் கடலில் இறங்கினார்கள். அக்வாலங் பிறந்தது. இன்று கடலுக்குள் இறங்கும் ஒவ்வொரு ஸ்கூபா டைவரும் வாயில் கவ்வுவது அதன் பேரன்தான்.

திடீரென்று மனிதனுக்கு ஒரு நிமிடத்துக்குப் பதிலாக அரை மணி நேரம், ஒரு மணி நேரம் கிடைத்தது. மீன் ஓடாமல் நின்றால் என்ன செய்யும் என்று பார்க்கும் அளவுக்கு நேரம்.

கூஸ்தோவை முதல் ஆள் என்று தூக்கி வைப்பதும் சரியில்லை. ஆஸ்திரியாவின் ஹான்ஸ் ஹாஸ் அவருக்கு முன்பே போர்ட் சூடானுக்குப் போய் சுறாக்களுக்கு நடுவே நீந்திப் படமெடுத்தவர். அந்தப் படம் 1951-ல் வெனிஸில் பரிசும் வாங்கியது. ஆனால் உலகம் ஞாபகம் வைத்தது கூஸ்தோவை. காரணம், அவரிடம் ஒரு கப்பல் இருந்தது. கின்னஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பணக்காரர், பழைய கண்ணிவெடி அகற்றும் கப்பல் ஒன்றை 1950-ல் வாங்கி, வருடத்துக்கு ஒரு பிராங்க் வாடகைக்கு அவரிடம் கொடுத்தார். அதுதான் கலிப்சோ.

தங்கப் பனை வாங்கிய படம், பார்க்க முடியாத காட்சிகள்

1956-ல் வெளியான 'அமைதி உலகம்' படத்தை கூஸ்தோவும் லூயி மாலும் இணைந்து இயக்கினார்கள். மாலுக்கு அப்போது 23 வயது. கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது, அடுத்த ஆண்டு ஆஸ்கர். ஓர் ஆவணப்படம் மீண்டும் கானில் அந்த விருதை வாங்க 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மீடியா படித்த யாருக்கும் இந்தப் படத்தின் பெயர் வகுப்பில் வந்திருக்கும். எனக்கும் வந்தது. முழுசாகப் பார்த்தது வேலைக்கு வந்த பிறகுதான். பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போனேன்.

படத்தில் ஒரு காட்சி. பவளத்திட்டில் என்னென்ன மீன் இருக்கிறது என்று கணக்கெடுக்க வேண்டும். குழுவினர் டைனமைட் வைக்கிறார்கள். வெடித்ததும் செத்து மிதக்கும் மீன்களைப் பொறுக்கி எண்ணுகிறார்கள். ஊதிய வயிற்றோடு ஒரு பேத்தை மீன் கரையில் கிடந்து துடிக்கிறது. இப்படித்தான் அறிவியல் கணக்கெடுப்பு செய்ய முடியும் என்று படம் நமக்கு விளக்கம் வேறு சொல்கிறது.

இன்னொரு காட்சி அதைவிட மோசம். கப்பலின் விசிறியில் சிக்கி ஒரு திமிங்கலக் குட்டி படுகாயம் அடைகிறது. அதைக் கொன்றுவிடுகிறார்கள். ரத்த வாடைக்குச் சுறாக்கள் கூட்டமாக வருகின்றன. தின்கின்றன. பார்த்துக்கொண்டிருந்த மாலுமிகளுக்கு வெறி வந்து, சுறாக்களைக் கொக்கியில் இழுத்து தளத்தில் போட்டு அடித்தே கொல்கிறார்கள். திமிங்கலக் குட்டியைச் சாகடித்தது தங்கள் கப்பல்தான் என்பதை அந்த நேரத்தில் யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. படம் மாலுமிகள் பக்கம்தான் நிற்கிறது. அன்றைய பார்வையாளர்கள் கைதட்டினார்கள். சுறா என்றால் எதிரி, அவ்வளவுதான் கணக்கு.

அதே படத்தில் இன்னொரு மீனும் வருகிறது. செஷல்ஸ் தீவுக்கூட்டத்தில் உள்ள அசம்ப்ஷன் தீவில் ஒரு பெரிய களவா. அதற்கு ஜோஜோ என்று பெயர் வைத்தார்கள். கையில் இருந்து இறைச்சியை வாங்கித் தின்றது, துமாவோடு சேர்ந்து நடனமாடுவது போலச் சுற்றியது. மற்ற மீன்களுக்குத் தீனி போட விடாமல் தொல்லை செய்ததால் அதைக் கொஞ்ச நேரம் சுறாக் கூண்டுக்குள் அடைத்தும் வைத்தார்கள். டைனமைட்டையும் ஜோஜோவையும் ஒரே படத்தில் வைத்ததில் எந்த முரணும் அந்தக் குழுவுக்குத் தெரியவில்லை. நமக்குத் தெரிகிறது.

30 நாள் குடித்தனம்

1963-க்கு வருவோம். அக்வாலங் நேரம் கொடுத்தது என்றேன். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. ஆழத்தில் இருக்கும்போது நைட்ரஜன் உடலில் கரைகிறது. 30 மீட்டர் ஆழத்தில் 20 நிமிடம் போல இருந்துவிட்டு நேராக மேலே வரலாம். அதற்கு மேல் இருந்தால் நடுவே நின்று நின்றுதான் வர வேண்டும். இல்லையென்றால் ரத்தத்தில் குமிழி உருவாகி ஆளை முடக்கிவிடும். ஆனால் ஒரு கட்டத்துக்குப் பிறகு உடல் நிறைந்துவிடும், அதற்கு மேல் நைட்ரஜன் ஏறாது. அப்புறம் ஒரு நாள் இருந்தாலும் ஒரு மாதம் இருந்தாலும் மேலே வர ஆகும் நேரம் ஒன்றுதான். அப்படியென்றால் மேலே வராமலே கீழேயே வீடு கட்டிவிட்டால் என்ன?

1962-ல் மார்செய் அருகே இரண்டு பேர் ஒரு வாரம் தங்கிப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு ஷாப் ரூமியில் ஒரு கிராமமே இறங்கியது. நட்சத்திர மீன் வடிவத்தில் வீடு, அதில் ஐந்து பேர், சுமார் 10 மீட்டர் ஆழத்தில் ஒரு மாதம். இன்னும் கீழே ஒரு சின்ன அறையில் இரண்டு பேர், ஒரு வாரம். குட்டி நீர்மூழ்கிக்கு ஒரு கொட்டகை. இன்று மிச்சம் நிற்கும் இரும்புக் கூண்டு அதுதான். வீட்டில் ஒரு கிளிகூட இருந்தது. சிமோனும் போய்ச் சில நாட்கள் தங்கினார்.

இதற்குப் பணம் கொடுத்தவர்களில் பெட்ரோலியத் துறையும் உண்டு. கடலடியில் ஆட்களை வைத்து வேலை வாங்க முடியுமா என்று பார்ப்பதுதான் அவர்களுக்கு வேண்டியது. மீன் மேல் பாசம் எல்லாம் இல்லை. இந்தச் சோதனையை வைத்து எடுத்த 'சூரியன் இல்லா உலகம்' படமும் ஆஸ்கர் வாங்கியது. சில காட்சிகள் செட் போட்டு எடுத்தவையோ என்று அமெரிக்க விமர்சகர் ஒருவர் சந்தேகமும் கிளப்பினார்.

ஆனால் நோக்கம் என்னவாக இருந்தாலும், நடந்தது வேறு ஒன்று. ஒரே பவளத்திட்டின் பக்கத்தில், காலையும் மாலையும் இரவும், மனிதர்கள் முதன்முறையாக ஒரு மாதம் இருந்தார்கள். ஏழு ஆண்டுகளுக்கு முன் இதே குழுவின் படம், மீன்களை அறிய அவற்றைக் கொல்ல வேண்டும் என்றது. இப்போது பக்கத்து வீட்டுக்காரராகப் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

சரி, வேட்டைக்காரன் ஏன் கூட்டம் போடுகிறான்?

அக்வாலங் வந்த பிறகு உயிரியலாளர்களும் கடலுக்குள் இறங்கினார்கள். 1960-களில் இருந்து எட்மண்ட் ஹாப்சன் போன்றவர்கள் கலிபோர்னியா வளைகுடாவிலும் ஹவாயிலும் பகல், அந்தி, இரவு என்று மீன்களைத் தொடர்ந்து பார்த்துக் குறிப்பெடுத்தார்கள். அப்போதுதான் ஒன்று தெளிவானது. பகலில் நாம் பார்க்கும் பாரைக் கூட்டமும் சீலாக் கூட்டமும் பெரும்பாலும் வேட்டைக் கூட்டமே இல்லை. அது ஓய்வு.

நல்ல வெளிச்சத்தில் இரை மீனுக்கும் கண் தெரியும். பதுங்கிப் போய்ப் பிடிப்பது கஷ்டம். அதனால் பல இனங்கள் பகலில் திட்டின் ஓரத்தில் கூட்டமாகச் சும்மா சுற்றுகின்றன. அந்தி சாய்ந்ததும் கூட்டம் மெல்லப் பிரிந்து, தனித்தனியாக அல்லது சின்னக் குழுக்களாக வேட்டைக்குக் கிளம்புகின்றன. சீலாவும் பாரையும் வேட்டை மீன்கள்தான், ஆனால் அவற்றைத் தின்னப் பெரிய சுறா இருக்கிறதே. ஓய்வெடுக்கும்போது பல கண்கள் காவல் இருப்பது அவற்றுக்கும் நல்லதுதான். எல்லா சீலாவும் இப்படி இல்லை. வளர்ந்த பெருஞ்சீலா பெரும்பாலும் தனி ஆளாகத்தான் திரியும்.

இடித்துக்கொள்ளாமல் எப்படிச் சுற்றுகின்றன? கண்ணும், உடலின் இரண்டு பக்கமும் ஓடும் ஓர் உணர்வுக் கோடும்தான் காரணம். பக்கத்து மீன் அசைவதால் நீரில் உண்டாகும் அதிர்வை அந்தக் கோடு பிடித்துவிடும். 1980-ல் பார்ட்ரிட்ஜ், பிட்சர் என்ற இரு ஆய்வாளர்கள் கண்ணை மறைத்து விட்ட மீன்கூட கூட்டத்தோடு சேர்ந்து நீந்துவதைக் காட்டினார்கள்.

வேட்டைக்காகவே சேர்வதும் உண்டு. ஹவாயில் பீட்டர் மேஜர் 1978-ல் வெளியிட்ட ஆய்வில், பெரிய பாரை தனியாக நெத்திலிக் கூட்டத்தைத் தாக்குவதைவிட, குழுவாகத் தாக்கும்போது அந்தக் கூட்டத்தை உடைத்துச் சிதறவிடுவது சுலபமாக இருந்தது. சிதறிய நெத்திலியைப் பிடிப்பது எளிது. நூறு மீன் சேர்ந்து மின்னும்போது எதைக் குறி வைப்பது என்று தடுமாறும் வேட்டைக்காரனுக்கு, ஒற்றை மீன் தெளிவான இலக்கு.

கொம்பன் சுறா கதை இன்னும் சுவாரசியம். 1980-களில் கலிபோர்னியா வளைகுடாவில் கடலடி மலை ஒன்றின் மேல் பீட்டர் கிளிம்லி இவற்றைப் பின்தொடர்ந்தார். பகலில் கூட்டம், இரவில் பிரிந்து தொலைவுக்குப் போய் இரை தேடல், காலையில் அதே மலைக்குத் திரும்புதல். கூட்டத்தில் பெரும்பாலும் பெண் சுறாக்கள், அதிலும் பெரியவை நடுவில். இதில் வேடிக்கை என்னவென்றால், அக்வாலங்கின் குமிழிச் சத்தம் சுறாக்களைக் கலைத்துவிடும் என்பதால் கிளிம்லி கருவியைக் கழற்றி வைத்துவிட்டு மூச்சைப் பிடித்துத்தான் இறங்கினார். கூஸ்தோ தொடங்கிய இடத்துக்கே ஒரு சுற்று, ஆனால் கையில் ஈட்டி இல்லாமல்.

மாலுமிகள் அடித்துக் கொன்றார்களே, அந்தச் சுறாக்களைப் பற்றியும் ஒன்று. சாம்பல் பவளச் சுறாவை நெருங்கித் தொல்லை செய்தால் அது முதுகை வளைத்து, பக்கத் துடுப்புகளைக் கீழே தாழ்த்தி, உடம்பை விறைப்பாக ஆட்டியபடி நீந்தும். போய்விடு என்கிற எச்சரிக்கை அது. 1973-ல் ஜான்சன், நெல்சன் இருவரும் இதைப் பதிவு செய்தார்கள். கண்மூடித்தனமாகக் கடிக்கும் பிராணி என்று நினைத்திருந்தது, கடிப்பதற்கு முன் சொல்லிவிட்டுத்தான் கடிக்கிறது.

ஜோஜோவின் சொந்தக்காரர்களும் நம்மை ஏமாற்றவில்லை. 2006-ல் ரெடுவான் பிஷாரி குழுவினர் செங்கடலில் கண்டது இது: துரத்திய இரை பாறை இடுக்கில் ஒளிந்துகொண்டால், களவா நேராக அஞ்சாளை மீனின் பொந்துக்குப் போய்த் தலையை வேகமாக ஆட்டும். அஞ்சாளை வெளியே வந்து கூடவே போகும். இடுக்குக்குள் நுழைவது அஞ்சாளை வேலை, வெளியே ஓடிவந்தால் பிடிப்பது களவா வேலை. பங்கு கிடையாது, யார் வாயில் சிக்கியதோ அவருக்கு. ஆனாலும் இரண்டுக்கும் தனியாகப் போவதைவிட லாபம்.

டைனமைட் வைத்து எண்ணினால் களவா ஒன்று, அஞ்சாளை ஒன்று என்று கணக்கு வரும். இரண்டும் சேர்ந்து வேட்டைக்குப் போகும் என்பது அந்தக் கணக்கில் வராது.

மாறிய மனிதர்

கூஸ்தோ எப்போது மாறினார் என்று ஒரு தேதி சொல்ல முடியாது. 1960-ல் பிரான்ஸ் தன் அணுக்கழிவை மத்தியதரைக் கடலில் கொட்டத் திட்டமிட்டபோது, மொனாக்கோ கடல் அருங்காட்சியக இயக்குநராக இருந்த அவர் வெளிப்படையாக எதிர்த்தார். அதே காலத்தில்தான் பெட்ரோலியப் பணத்தில் கடலடி வீடும் கட்டினார். 1965-ல் 100 மீட்டர் ஆழத்தில் ஆறு பேரை மூன்று வாரம் வைத்த மூன்றாவது சோதனைக்குப் பிறகு, கடலடியில் குடியேறும் திட்டத்தையே கைவிட்டார்.

1968-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவருடைய தொடர் தொடங்கியது. வீட்டு ஹாலில் உட்கார்ந்தபடி கோடிக்கணக்கானவர்கள் சுறாவையும் திமிங்கலத்தையும் பார்த்தார்கள். இந்த முறை யாரும் யாரையும் அடித்துக் கொல்லவில்லை. 1973-ல் கடல் பாதுகாப்புக்காகத் தன் பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். அண்டார்டிகாவில் சுரங்கம் தோண்டக் கூடாது என்று கையெழுத்து இயக்கம் நடத்தினார். அங்கே சுரங்கத்துக்குத் தடை விதிக்கும் ஒப்பந்தம் 1991-ல் கையெழுத்தானது.

வீட்டில் நிலைமை வேறு. தன் வாரிசாக அவர் நினைத்திருந்த இளைய மகன் பிலிப், 1979-ல் லிஸ்பன் அருகே நீர்விமான விபத்தில் இறந்தார். ஆண்டுக்கணக்காகக் கலிப்சோவிலேயே வாழ்ந்த சிமோன் 1990-ல் காலமானார். அடுத்த ஆண்டே கூஸ்தோ மறுமணம் செய்தபோதுதான், அந்த இன்னொரு குடும்பமும் அதில் இரண்டு பிள்ளைகளும் ஏற்கெனவே இருந்தது பலருக்குத் தெரிந்தது. மூத்த மகன் ழான் மிஷேலுடன் பெயரைப் பயன்படுத்துவது பற்றி நீதிமன்றம் வரை போன சண்டை. கேமராவுக்கு முன் தெரிந்த அந்தப் புன்னகைத் தாத்தா முழு ஆள் இல்லை.

1996 ஜனவரியில் சிங்கப்பூர் துறைமுகத்தில் ஒரு சரக்குப் படகு மோதி கலிப்சோ மூழ்கியது. மறு ஆண்டு 1997 ஜூன் 25 அன்று, 87 வயதில், பாரிஸில் கூஸ்தோ இறந்தார். பிறந்த ஊரிலேயே புதைத்தார்கள்.

இன்று கொம்பன் சுறாக்கள் அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கின்றன. துடுப்புக்காகவும், மற்ற மீனுக்கு விரித்த வலையில் சிக்கியும் சாகின்றன. பகலில் ஒரே இடத்தில் கூட்டமாகச் சேரும் பழக்கம், மீன்பிடிப் படகுகளுக்கு வேலையைச் சுலபமாக்கிவிடுகிறது. ஷாப் ரூமிக்கு அருகில் உள்ள சங்கநேப் பவளத்திட்டு 2016-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2023 ஏப்ரலில் சூடானில் உள்நாட்டுப் போர் வெடித்தது.

10 மீட்டர் ஆழத்தில் அந்த இரும்புக் கூண்டு இன்னும் நிற்கிறது. கீழ்ப்பக்க வாசல் வழியாக உள்ளே நுழைந்து மேலே போனால், டைவர்கள் விட்ட மூச்சுக் காற்று கூரைக்குள் தேங்கியிருக்கும். வெளியே, இரும்பில் முளைத்த பவளத்தைச் சுற்றிச் சின்ன மீன்கள் கூட்டமாகத் திரிகின்றன. தெற்கு முனையில் சீலாக்கள் இருட்டுவதற்காகக் காத்திருக்கின்றன.